இருபத்திரண்டு மில்லிமீட்டர்

ஜலந்தர்,
பிப்ரவரி 6

அன்புள்ள கொர்னேலியுஸ் அண்ணாவுக்கு,

ஜெய் யேசு. நானும் சபீனாவும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலத்தையும் நம் ஊர் ஜாம்டோலியில் அண்ணியின் நலத்தையும் அறிய ஆவல்.

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம். கடிதத்தை வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

உலகக் கோப்பைக்காக நம் மாவட்டத்தில் கட்டுகிற பெரிய ஹாக்கி ஸ்டேடியத்தில் நீங்கள் வேலை பார்ப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். இருபதாயிரம் பேர் உட்காரலாமாம். இங்கே ரயில்வே ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எங்க அண்ணன்தான் கட்டறாரு" என்றேன். "முழுசையுமா?" என்று கேட்டார்கள். "ஏறக்குறைய" என்றேன்.

நான் இந்தியாவுக்கு ஆடிய நான்கு வருடங்களில் எத்தனையோ நாட்டு மைதானங்களில் ஓடியிருக்கிறேன். ஒன்றிலாவது நம் ஆதிவாசி ஆட்கள் மண் சுமந்து பார்த்ததில்லை. மைதானம் வடக்கு தெற்காகத்தானே வருகிறது? மாலை வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்காமல் இருக்க வேண்டும். இதற்காவது பதில் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
பிலாசியுஸ் சோரெங்

*

ஸ்டேடிய வேலைத்தளம்,
பிப்ரவரி 27

பிலாசியுஸுக்கு,

ஜெய் யேசு. நலம். உன் அண்ணியும் நலம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. உனக்கும் வரும், அப்பாவிடமிருந்து நம் இருவருக்கும் சமமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

நான் ஸ்டேடியம் கட்டவில்லை. பதினாறு என்ஜினீயர்கள் கட்டுகிறார்கள், பதினாறு பேரும் வெளியூர். ஐம்பத்து மூன்று வயதில், டிப்ளமோவும் இருபத்தெட்டு வருட அனுபவமும் உள்ள நான் மட்டம் பார்ப்பவன். முக்காலியில் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தரை எங்கே ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் எழுதுகிறவன். தலைமை என்ஜினீயர் ராவுத்ராய், கடற்கரைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே எல்லோர் முன்னாலும், "சோரெங் பாபு, உங்க ஆளுங்களுக்கு ஹாக்கி ரத்தத்துலயே இருக்குமே. கருவி எதுக்கு, காலால மிதிச்சாலே மட்டம் தெரிஞ்சிடாதா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

உன்னோடு ஏன் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல் நடிப்பாய் என்பதால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஜாம்டோலிக்கும் கிரிங்பெடாவுக்கும் கிடாப் பந்தயத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்த ஊருக்குக் கிடா, தோற்ற ஊருக்குச் சேவல். நம் ஊருக்கு நான் சென்டர் ஹாஃப். கூடப் பிறந்தவன் நீ, கிரிங்பெடாவின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றாய். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிற கோச் அன்றைக்கென்று வேலியோரம் நின்றிருந்தார். ஜெயித்த அணியிலிருந்து உன்னைக் கூட்டிப் போனார். நான் அன்று சேவலின் கழுத்தைத் தின்றேன்.

மைதானம் வடக்கு தெற்குதான். அதுகூடத் தெரியாதவர்கள் இல்லை.

சபீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.

கொர்னேலியுஸ்

*

ஜலந்தர்,
மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் யேசு. இங்கே அனைவரும் சுகம். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைச் சபீனாவிடம் படித்துக் காட்டினேன். சேவலின் கழுத்து வந்ததும் சிரித்துவிட்டாள். "ஒரு கழுத்துக்கு முப்பத்திரண்டு வருஷமா?" என்றாள். "நீ எங்க அண்ணனைப் பார்த்ததில்ல, அதான் கேக்கற" என்றேன்.

அண்ணா, அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கிரிங்பெடாவில் ஓர் ஆள் குறைந்தது. "வந்து ஆடு, கிடாத் தலை உனக்கு" என்றார்கள். தலைக்கு ஆசைப்பட்டுப் போனேன். கடைசியில் வெளியூர்க்காரன் என்று குடலைத்தான் கொடுத்தார்கள். இதை நூறு முறை சொல்லிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ராவுத்ராய் சொன்னதற்குச் சிரித்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி நிறையச் சிரித்திருக்கிறேன். விடுங்கள்.

மைதானத்தைப் பற்றி எழுதுங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

பிலாசியுஸ்

*

ஸ்டேடிய வேலைத்தளம்,
ஜூன் 2

பிலாசியுஸுக்கு,

ஜெய் யேசு. உயிரோடு இருக்கிறேன். நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் அதுவே நலம்தான். நீங்கள் எல்லோரும் எப்படி?

மைதானத்தைப் பற்றித்தானே கேட்டாய். மேற்குப் பாதிக்குத் தார் போட்டு முடித்தாகிவிட்டது. கிழக்குப் பாதி மழை இடைவெளி விடும்போது. தாருக்கு மேல் ரப்பர் அடுக்கு, அதற்கு மேல் செயற்கைப் புல். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. மூன்று மீட்டர் நீளக் கோலைத் தரையில் வைத்து, நான் குப்புறப் படுத்து அடியில் பார்க்கிறேன். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. எனக்கு இதுவரை நாலுக்கு மேல் தெரியவில்லை. ராவுத்ராய் தானும் படுத்துப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போனதால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லா உயரமும் ஒரே ஒரு கல்லிலிருந்து வருகிறது. வேலைத்தளத்தின் மூலையில் நான் ஜனவரியில் நட்ட கருங்கல். தலையில் அம்புக்குறி, உடம்பில் எண்கள். அதன் தலை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது தெரியும். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். அடியில் கான்கிரீட் போடச் சொன்னேன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். இவர்களுக்கு எல்லாமே அப்புறம்தான். தினமும் காலையில் வந்ததும் அதன் முன்னால் குந்தி, நோட்டைத் திறந்து, அன்றைய வேலையை எழுதிக்கொண்டுதான் எழுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஈரப் புல்லில் பந்து ஓடும்போது, தரையில் சின்னப் பள்ளம் இருந்தால் ஆடுகிறவனுக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எல்லோருக்கும் ஆசி.

கொர்னேலியுஸ்

*

ஜலந்தர்,
ஜூன் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் யேசு. அனைவரும் நலம். நீங்கள் என்னிடம் ஹாக்கி பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்! சபீனா கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

தெரியும் அண்ணா. பள்ளம் கண்ணில் படாது. ஆனால் தண்ணீர் அங்கே தேங்கும். தேங்கிய இடத்தில் பந்து செத்துப்போகும். வேகமாக வருகிறதென்று மட்டையை நீட்டினால் பந்து பாதியிலேயே நிற்கும், அதற்குள் எதிராளி அள்ளிக்கொண்டு போய்விடுவான். நாங்கள் ஒருமுறை வெளிநாட்டில் அப்படித்தான் தோற்றோம். மைதானத்தைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினோம்.

நாலு மில்லிமீட்டர் என்றால் ராஜ மைதானம். மழையில் நனையாதீர்கள்.

பிலாசியுஸ்

*

ஸ்டேடிய வேலைத்தளம்,
செப்டம்பர் 30

பிலாசியுஸுக்கு,

ஜெய் யேசு. நான் நலம். உன் அண்ணியும் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மழை நின்றுவிட்டது. வேலை நடக்கிறது. பருவம் மாறுகிறது, பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மற்றபடி இங்கு அனைத்தும் நலம்.

கொர்னேலியுஸ்

*

ஜலந்தர்,
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் யேசு. இங்கே சுகம்.

மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு ஏழு வரி. அதில் நலம் என்று நாலு இடத்தில் இருக்கிறது. யாரையும் திட்டவில்லை. ராவுத்ராய் இல்லை, சேவல் இல்லை, என்னைப் பற்றிக்கூட ஒரு குத்தல் இல்லை. மைதானம் என்ற வார்த்தையே இல்லை. சாமியாருக்குப் போன் செய்து கேட்டேன். "அவரு பூசைக்கு வர்றாரு, நன்மை வாங்க எழுந்திரிக்கறதில்ல" என்றார். மனதில் பாவம் உறுத்தினால்தானே நீங்கள் நற்கருணை அப்பம் வாங்காமல் இருப்பீர்கள்.

என்ன ஆயிற்று? உடம்பா, வேலையா? என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் சபீனா பெயருக்கு எழுதுங்கள்.

பிலாசியுஸ்

*

ஸ்டேடிய வேலைத்தளம்,
நவம்பர் 3

பிலாசியுஸுக்கு,

ஜெய் யேசு. உடம்பு ஒன்றும் இல்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். சபீனா என்னைப் பார்த்ததில்லை, அவளுக்கு எதற்கு இது. உனக்கே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

செப்டம்பர் 26 காலையில் கல்லுக்குப் போனேன். சுகுர்மணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஜல்லி சுமக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, முண்டா இனத்துக்காரி. கையில் இலைத் தொன்னை. கல்லின் தலையில் ஹண்டியா ஊற்றிக்கொண்டிருந்தாள். அரிசிக் கள் வாடை குப்பென்று அடித்தது.

"என்ன பண்ற?"

"தாகமா இருக்கும்ல பாபு. நிமித்தி வெச்சதுலேர்ந்து நாங்கதான பாத்துக்கறோம்."

"நிமித்துனீங்களா? யாரு?"

"நாங்கதான், ஒம்பது பொம்பளைங்க. ஒரு மத்தியானம் பாத்தா சாய்ஞ்சு கெடந்துச்சு, லாரி இடிச்சிருக்கும். எழுத்து வெட்டுன கல்லு சாய்ஞ்சு கெடந்தா உள்ள இருக்கறவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? தோண்டி எடுத்து, அடியில சரளை போட்டு, நேரா நட்டோம். நீங்க தெனமும் வந்து குந்தி ஜெபம் பண்ணிட்டுப் போறீங்களே, உங்க வீட்டு ஆளுதான் யாரோன்னு இருந்தோம்."

"எப்போ நட்டீங்க? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அது... வெயிலா இருந்துச்சு. மழை விட்டாலும் வெயில்தான. சந்தைக்கு மறுநாள், அது நல்லா ஞாபகம் இருக்கு."

சந்தை வாராவாரம் நடக்கிறது.

முண்டாக்கள் செத்தவர்களின் எலும்பின் மேல் கல் வைக்கிறவர்கள். எழுத்தோடு ஒரு கல்லைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? பதினாறு என்ஜினீயர்களில் ஒருவரும் சாய்ந்த கல்லைக் கவனிக்கவில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

அன்றே தனியாகப் போய், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற இன்னொரு குறியிலிருந்து அளந்து பார்த்தேன். கல் இருபத்திரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. விதிப்படி ஒவ்வொரு திங்கட்கிழமையும் இப்படிச் சரிபார்க்க வேண்டும். நடுவில் ஸ்டாண்ட் எழும்பி மறைத்துவிட்டது, சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். மார்ச்சோடு நிறுத்திவிட்டேன். என் கல் எங்கே போய்விடும் என்ற திமிர்.

இப்போது புரிகிறதா? இரண்டு பாதியையும் அளப்பதற்கு முன்பே கல்லை நிமிர்த்தியிருந்தால் ஒன்றும் இல்லை. மேற்குப் பாதியை மே மாதத்தில் அளந்தேன், கிழக்கை ஆகஸ்டில். நடுவில் நிமிர்த்தியிருந்தால் கிழக்குப் பாதி இரண்டு சென்டிமீட்டர் தூக்கி நிற்கிறது. சேருமிடத்தில் படி தெரியுமே என்பாய். ரோலர்காரன் ஏழெட்டு மீட்டருக்கு இழுத்துத் தேய்த்துவிடுவான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பந்து செத்துப்போகும் என்று எழுதினாயே, அங்கே.

அன்று ரப்பர் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புல் சுருளை ஒவ்வொன்றாக விரித்தார்கள், பார்த்துக்கொண்டு நின்றேன். கருவியை வைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். புல்லின் மேல் வைக்க அனுமதி கேட்க வேண்டும்; எதற்கு என்று ராவுத்ராய் கேட்பார். உண்மையில் அதுகூட இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் பார்க்கவில்லை.

இம்மாதக் கடைசியில் உலகச் சம்மேளனத்திலிருந்து பரிசோதிக்க வருகிறார்கள். தவறு என்றால் அத்தனையும் பெயர்க்க வேண்டும், ஜனவரிக்குள் முடியாது. என்னை அனுப்பிவிடுவார்கள், அது போகட்டும். அந்த ஒன்பது பெண்களையும் அன்றே விரட்டுவார்கள். "உங்க ஆளுங்க" என்று ஆரம்பிப்பார்கள். இந்த ஒரு மைதானம்தான் பிலாசியுஸ், எனக்கென்று.

கொர்னேலியுஸ்

*

ஜலந்தர்,
நவம்பர் 8

அண்ணா,

ஜெய் யேசு. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ராவுத்ராயிடம் சொல்லுங்கள். இன்றே.

இப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் முதலில் நான் சொல்கிறேன்.

கிடாத் தலைக்காக நான் போகவில்லை. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு கிரிங்பெடாத் தலைவர் சந்தையில் என்னைப் பிடித்து, "ரயில்வே கோச் எங்க டீமைப் பாக்க வர்றாருடா, எங்க பக்கம் ஆடு" என்றார். எங்கள் அண்ணன் என்னைவிட நன்றாக ஆடுவான், அவனையும் கூட்டி வரட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, நீங்கள் என் மட்டைக்குச் சணல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் உங்களைத்தான் பார்த்திருப்பார். நான்கு வருடம் இந்தியச் சட்டை போட்டேன், ஒரு நாள்கூட அது தெரியாமல் போட்டதில்லை.

நீங்கள் நாற்பது நாள் மறைத்ததற்கே நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் முப்பத்திரண்டு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிவிடுங்கள் அண்ணா. பிறகு எனக்கு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

பிலாசியுஸ்

*

ஸ்டேடிய வேலைத்தளம்,
நவம்பர் 30

பிலாசியுஸுக்கு,

ஜெய் யேசு. நலம். இந்த முறை உண்மையாகவே. அண்ணி வயிற்று வலி என்றாள், இப்போது தேவலை. சபீனாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் 12ஆம் தேதி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். 15ஆம் தேதி காலையில் ராவுத்ராயின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஐம்பது நாளா சார்."

"ஐம்பது நாள்!" அதற்குப் பிறகு சொன்னது எழுதத் தகாது. எழுந்து, "கருவிய எடுங்க. வாங்க" என்றார்.

தண்ணீர்த் தொட்டிக் குறியிலிருந்து உயரத்தைக் கொண்டுவந்து, புல்லில் பலகை போட்டுக் கருவியை வைத்தேன். ராவுத்ராய் செருப்பைக் கழற்றிவிட்டு, அளவுக்கோலைத் தானே தூக்கிக்கொண்டு போய் நின்றார். வேறு யாரையும் நம்பவில்லை. ஸ்டாண்டில் சுகுர்மணியும் மற்றவர்களும் கூடையோடு நின்றுவிட்டார்கள். மேற்குப் பாதியில் முதல் இடம். இருக்க வேண்டியதைவிட இருபத்திரண்டு அதிகம். எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"எவ்ளோ?" என்று கத்தினார்.

"இருபத்திரண்டு."

"யோவ், அது கல்லு. தரை எவ்ளோ?"

"தரைதான் சார். மேற்கே. இருபத்திரண்டு."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கிழக்கே ஓடினார், முப்பத்தெட்டு வயது ஆள், கோலைத் தோளில் போட்டுக்கொண்டு. இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபத்து மூன்று. இருபத்திரண்டு. நாற்பது இடங்கள். மே மாதத்துக்கு முன்பே அவர்கள் நிமிர்த்திவிட்டார்கள். மைதானம், சுற்றுச் சாக்கடை, எல்லாமே அந்த நிமிர்ந்த கல்லிலிருந்துதான். சரிவு ஒரு மயிரிழை தப்பவில்லை.

ராவுத்ராய் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப மொத்த மைதானமும் கடலை விட்டு ரெண்டு சென்டிமீட்டர் மேல போயிடுச்சு. அவ்ளோதான? பந்துக்குக் கடல் எங்க இருக்குன்னு தெரியுமா சோரெங் பாபு?" என்றார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். மதியத்துக்குள் எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கையும் கொடுத்தார், திங்கட்கிழமைச் சோதனையை விட்டதற்கு. நியாயம்தான். ஆனால் "உங்க ஆளுங்க" என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சுகுர்மணியிடம், அடியில் யாரும் இல்லை, வெறும் அளவுக் கல் என்று சொன்னேன். "ஆளே இல்லையா? இத்தனை மாசமா ஊத்துனோமே! முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே குடிச்சிருப்போம்ல!" என்று அடிக்க வராத குறை.

25ஆம் தேதி வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். குழாய்களைத் திறந்து மைதானம் முழுக்கத் தண்ணீர் அடித்தார்கள். நான் கிழக்குப் பக்கம் நின்றேன். ஒரு கை அளவுகூடத் தேங்கவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்டாண்டின் படியில் படுத்தவன் மூன்று மணி நேரம் தூங்கினேன். யாரோ முகத்தின் மேல் சிமெண்ட் சாக்கை நிழலுக்குக் கட்டியிருந்தார்கள்.

இனி உன் கடிதம். நான்கு முறை படித்தேன். உனக்குப் பொறாமை, உனக்குப் பொறாமை என்று அம்மா சாகும்வரை சொன்னாள், உன் அண்ணி இன்றும் சொல்கிறாள். பொறாமைதான். ஆனால் நான் இல்லாததை நினைத்துக்கொண்டவன் அல்ல. நீ தெரிந்துதான் செய்தாய். அதை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, ராவுத்ராய் அறைக்கு நடப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஏன் என்று கேட்காதே.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜனவரியில் வேலைக்காரர்களுக்கு டிக்கெட் தருகிறார்கள், எனக்கு இரண்டு. உன் அண்ணி வரமாட்டாள், நெல் அடிக்கிற வேலை இருக்கிறதாம். நீ வா. என் அறையில் ஒரு கட்டில்தான். நீ தரையில் படுப்பாய். ஜனவரியில் சில்லென்று இருக்கும், கம்பளி கொண்டு வா. எனக்கும் ஒன்று.

ஜெய் யேசு.

உன் அண்ணன்,
கொர்னேலியுஸ்